சொந்தக் கருத்தில் நிற்பது: பெரம்பூரில் ஒரு பிரெஞ்சு பி2 வகுப்பின் நிகழ்வு ஆய்வு

பிரெஞ்சில் இடைநிலைப் படியான பி1 முடித்த பெரியவர்கள் அடுத்த படியான பி2-வில் வந்து மாட்டிக்கொள்வது பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். காரணம் கேட்டால் இலக்கணம் போதவில்லை, சொல்வளம் இல்லை, காது பழகவில்லை என்போம். பெரம்பூரில் நான் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒரு பேட்சை ஆரம்பத்திலிருந்து தேர்வு வரை குறிப்பெடுத்துக்கொண்டே கவனித்தேன். அதிலிருந்து மூன்று பேரைப் பற்றி, முக்கியமாக ஒருவரைப் பற்றி, இங்கே எழுதுகிறேன். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரையும் வேலை பார்க்கும் இடத்தையும் விட்டுவிட்டேன்.

நான் கண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவர்களுடைய பிரெஞ்சு மோசமில்லை. "நான் இப்படி நினைக்கிறேன், இதனால் நினைக்கிறேன்" என்று அந்தப் பிரெஞ்சில் நிற்கத்தான் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம் இருந்தது. யார் எங்கே, எதற்காகப் பிரெஞ்சு கற்றார் என்று விசாரித்தபோதுதான் அந்தக் காரணம் பிடிபட்டது.

பி2 என்ன கேட்கிறது

ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட மொழி அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். பி2 நான்காவது. பி1 வரை ஒருவர் தன் வாழ்க்கையைச் சொல்லத் தெரிந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்: வேலை, குடும்பம், போன பயணம், அடுத்த வருட ஆசை. பி2-வில் ஒரு பொதுப் பிரச்சினையை எடுத்து, அதன் சாதக பாதகங்களை அலசி, தன் கருத்தைக் காரணத்தோடு விளக்க வேண்டும். பிரெஞ்சைத் தாய்மொழியாகப் பேசுபவரோடு, இரண்டு தரப்புக்கும் சிரமமில்லாமல், உரையாடவும் வேண்டும். இந்தப் படிக்கு வருவதற்கு மொத்தமாக 500, 600 மணி நேர வகுப்பு தேவைப்படும் என்பது பொதுவான கணக்கு.

பிரெஞ்சு அரசின் மொழிச் சான்றிதழான டெல்ஃபின் பி2 தேர்வு இதைத்தான் சோதிக்கிறது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தம் 50 எடுத்தால் பாஸ், ஆனால் எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போய்விடக் கூடாது. எழுதுவதற்கு ஒரு மணி நேரம், குறைந்தது 250 சொல். பெரும்பாலும் ஓர் அதிகாரிக்கு முறையான கடிதம், அல்லது பத்திரிகைக்குக் கருத்துக் கட்டுரை. பேசுவதில் ஒரு சின்னச் செய்தியைக் கையில் கொடுப்பார்கள். அரை மணி நேரம் தயார் செய்துகொண்டு, பிறகு இருபது நிமிடம் போல உட்கார வேண்டும். முதலில் நாம் நம் கருத்தை முன்வைக்கிறோம். அப்புறம் தேர்வாளர் மறுத்துக் கேட்பார், நாம் விடாமல் பதில் சொல்ல வேண்டும். என் மாணவர்கள் சரிந்தது அந்த இரண்டாம் பாதியில்.

யாருக்கு இது தேவை என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பெரியவர்கள் சும்மா ஆசைக்காக ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுப்பதில்லை. பிரான்சில் பல்கலைக்கழகத்தில் சேர டெல்ஃப் பி2 இருந்தால் தனி மொழித் தேர்வு வேண்டாம். 2026 ஜனவரியிலிருந்து பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர்களுக்கும் பி2 கட்டாயம். கனடா போக நினைப்பவர்களுக்குக் கதை வேறு. அங்கே குடியேறப் புள்ளி போட்டு ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி திட்டத்துக்கு டெல்ஃப் செல்லாது, டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடாதான் எழுத வேண்டும், அதன் முடிவும் இரண்டு வருடம்தான் செல்லும். பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று 2023 முதல் தனியாக அழைப்புச் சுற்று வைக்கிறார்கள். அதற்கு நான்கு திறனிலும் கனடாவின் பிரெஞ்சு அளவுகோலான என்சிஎல்சி-யில் 7-ஆம் படி வேண்டும், அது ஏறக்குறைய பி2-வின் வாசற்படி. இந்த வித்தியாசம் தெரியாமல் டெல்ஃபுக்குப் பணம் கட்டிவிட்டு கனடா கனவோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். வகுப்பில் சேரும் முன்பே யாருக்கு எந்தத் தேர்வு என்று உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

இடமும் ஆட்களும்

சென்னையில் பிரெஞ்சு என்றால் எல்லோரும் கைகாட்டுவது நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருக்கும் அலையான்ஸ் பிரான்சேஸ். நல்ல இடம், நல்ல நூலகம். ஆனால் எர்ணாவூரிலோ மணலியிலோ இருந்துகொண்டு, ஷிஃப்ட் வேலையும் பார்த்துக்கொண்டு, வாரத்தில் சில மாலைகள் அங்கே போய்த் திரும்புவது லேசான காரியமில்லை. 2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தபிறகு பரவாயில்லை என்று திருவொற்றியூர்க்காரர்கள் சொல்கிறார்கள். கொடுங்கையூர், வியாசர்பாடி ஆட்களுக்கு அதனால் பெரிய பலன் இல்லை. அதனால்தான் பேப்பர் மில்ஸ் ரோட்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஓர் அறை, ஞாயிறு காலை முதல் மதியம் வரை ஒரே மூச்சாக வகுப்பு.

முதலாமவர் முப்பதுகளின் கடைசியில் இருக்கும் பெண், வீடு எர்ணாவூர். நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வெளிநாட்டு நோயாளிகளுக்கு உதவியாளர். மொரீஷியஸ், மடகாஸ்கர், காங்கோ மாதிரி நாடுகளிலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கும் டாக்டருக்கும் நடுவே நின்று மொழிபெயர்ப்பது இவர் வேலை. இவரை மருத்துவமனைக்காரர் என்றே குறிப்பிடுகிறேன். வேகமான, தயக்கமில்லாத பிரெஞ்சு.

இரண்டாமவர் ராயபுரத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர், துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பு. தொழிற்சங்கத்தில் பொறுப்பில் இருந்தவர். கனடா போக வேண்டும். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வயதுக்கான புள்ளி முப்பதிலிருந்து ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் குறைந்து 45-இல் பூஜ்யமாகிவிடும். பிரெஞ்சில் என்சிஎல்சி 7-ம் ஓரளவு ஆங்கிலமும் இருந்தால் 50 புள்ளி கூடுதலாகக் கிடைக்கும். அவருக்கு இது நேரத்தோடு ஓட்டம். ஃபோனில் கேட்டுக் கேட்டே கற்றவர். இலக்கணம் ஆங்காங்கே ஓட்டை.

மூன்றாமவர் இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் பள்ளி ஆசிரியை, கொளத்தூர். பிளஸ் டூவில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தவர். மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுப்பது நம் ஊரில் எவ்வளவு சாதாரணம் என்று சொல்லத் தேவையில்லை. வினைச்சொல் அட்டவணை எதைக் கேட்டாலும் தப்பில்லாமல் எழுதுவார். வாயைத் திறக்க மாட்டார்.

வகுப்பில் இவர்கள் ஒருவரையொருவர் அக்கா, அண்ணா, பாப்பா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். இதை நான் குறிப்பில் எழுதி வைத்ததற்குக் காரணம் உண்டு. அண்ணனை எதிர்த்துப் பேசுவது பாப்பாவுக்குச் சுலபமில்லை, அது பிரெஞ்சில் என்றாலும்.

தொடக்கத்தில் கண்டது

முதல் மாதிரித் தேர்வில் மருத்துவமனைக்காரருக்குக் கிடைத்த செய்தித் துணுக்கு, வீட்டிலிருந்து வேலை பார்ப்பதைப் பற்றியது. பாடப்புத்தகங்களில் தேய்ந்துபோன தலைப்பு. செய்தியில் இருந்ததை அழகாகத் திருப்பிச் சொன்னார். நிறுவனங்கள் இப்படிச் சொல்கின்றன, ஊழியர்கள் இப்படிச் சொல்கிறார்கள், நிபுணர்கள் இப்படிச் சொல்கிறார்கள். உச்சரிப்பு தெளிவு, வேகம் சரி. "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று பிரெஞ்சில் கேட்டேன். இரண்டு தரப்பும் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றார். "சரி, ஆனால் நீங்க?" என்று மறுபடி கேட்டேன். அதே வாக்கியத்தை வேறு சொல்லில் சொன்னார். மூன்றாவது முறை கேட்டதும் பிரெஞ்சை விட்டுவிட்டுத் தமிழுக்கு வந்துவிட்டார்: "மேடம், நான் என்ன நினைக்கிறேன்னு பிரெஞ்சுல யாரும் கேட்டதே இல்ல. பேஷன்ட் சொல்றத டாக்டர்கிட்ட சொல்லணும், டாக்டர் சொல்றத பேஷன்ட்கிட்ட சொல்லணும். நடுவுல என் கருத்துன்னு ஒண்ணு வந்தா வேலையே போயிடும்."

இந்தப் பதில்தான் இந்த ஆய்வின் திறவுகோல். நோயாளி "எனக்கு மூன்று நாளாக மூச்சு வாங்குகிறது" என்றால் மொழிபெயர்ப்பாளரும் "எனக்கு" என்றுதான் சொல்கிறார். அதுதான் அந்தத் தொழிலின் முறை. வருடக்கணக்கில் இவர் வாயிலிருந்து வந்த பிரெஞ்சு 'நான்' எல்லாம் யாரோ ஒருவருடைய 'நான்'. அவருடைய சரளம் பொய்யில்லை. அது வேறொரு வேலைக்காகச் செதுக்கப்பட்ட சரளம்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் நடுவே நின்றவர்களில் வரலாற்றில் நமக்கு நன்றாகத் தெரிந்த மனிதர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-இல் இதே பெரம்பூரில் பிறந்து, புதுச்சேரி போய், அங்கே பிரெஞ்சு ஆளுநராக இருந்த துப்ளேக்சுக்கு துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளர், ஆனவர். பகலில் துரையின் வார்த்தையைச் சுமந்துவிட்டு, தான் நினைத்ததைத் தமிழில் நாட்குறிப்பாக எழுதி வைத்தார். இதை வகுப்பில் சொன்னபோது மருத்துவமனைக்காரர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த வாரத்திலிருந்து அவருக்கு ஒரு வேலை கொடுத்தேன். மருத்துவமனையில் அன்று தான் மொழிபெயர்த்த ஒரு பேச்சைப் பற்றி, நோயாளி யாரென்று தெரியாதபடி, தன் அபிப்பிராயத்தை மட்டும் பிரெஞ்சில் ஐந்து வரி எழுத வேண்டும். டாக்டர் சொன்னது சரியா? செலவை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டாமா? முதல் சில வாரங்கள் எழுதியதில் கருத்தே இல்லை, நடந்தது மட்டும் இருந்தது. அப்புறம் மெதுவாக "இது எனக்கு நியாயமாகப் படவில்லை" என்று ஒரு வரி வந்தது.

மற்ற இருவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஆசிரியைக்குக் கருத்து இருந்தது, தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற பயம் அதை அடைத்தது. துறைமுகக்காரருக்கு இரண்டு தடையும் இல்லை. மறுத்துக் கேட்டால் குஷியாகிவிடுவார். இறந்தகாலத்தில் ஆரம்பித்த வாக்கியம் நிகழ்காலத்தில் முடியும், பெயர்ச்சொல்லின் பாலெல்லாம் அவர் இஷ்டம், ஆனால் விடமாட்டார்.

எண்ணூரும் கொடுங்கையூரும்

சொந்த ஊர் விஷயத்தைக் கொடுத்தால் பேச்சு தானாக வரும் என்று ஆசிரியர் பயிற்சிகளில் சொல்வார்கள். பாதி உண்மை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதைத் தலைப்பாகக் கொடுத்தேன். பேச்சு வந்தது, கொட்டியது. மருத்துவமனைக்காரர் வீட்டுச் சுவரில் எந்த உயரம் வரை கறை இருந்தது, நாற்றத்தில் இரவு எப்படிப் போனது, படகெல்லாம் கறுத்துப்போய் மீனவர்கள் கையால் எண்ணெயை அள்ளியது என்று பத்து நிமிடம் நிறுத்தாமல் பேசினார். கேட்ட எல்லோரும் கலங்கிப்போனோம். ஆனால் தேர்வு அளவுகோலை வைத்துப் பார்த்தால் அது பி1. நடந்ததை நடந்த வரிசையில் சொல்வது கதை. யார் பொறுப்பு, என்ன செய்ய வேண்டும், அதை ஏன் செய்ய வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. விஷயம் மனதுக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவுக்கு அவர் கதைக்குள் போய்விட்டார். தூரத்துத் தலைப்பில் அறிக்கை வாசித்தவர் பக்கத்துத் தலைப்பில் கதை சொன்னார். இரண்டிலும் வாதம் இல்லை.

பலன் கொடுத்தது ஊர் விஷயத்தில் எதிர்ப்பக்கம் உட்காரவைத்ததுதான். கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை கொண்டுவர மாநகராட்சி திட்டமிட்டிருக்கிறது. சுற்றுவட்டார மக்கள் எதிர்க்கிறார்கள். வகுப்பில் அத்தனை பேரும் எதிர்ப்பு. ஆலை வேண்டும் என்று மருத்துவமனைக்காரர் வாதாட வேண்டும், அவரை மற்றவர்கள் மடக்க வேண்டும் என்றேன்.

இந்தத் தலைப்பில் ஒரு வசதி, பிரெஞ்சில் படிக்க நிறைய இருக்கிறது. பாரிஸ் வட்டாரக் குப்பைக்கு இவ்ரி, சாந்துவான், இஸ்ஸி என்று நகரத்தை ஒட்டியே மூன்று எரியுலைகள் உண்டு. அங்கே வரும் வெப்பம் பாரிசின் வெப்பமூட்டும் குழாய் வலைக்குப் போகிறது. இஸ்ஸியில் இருப்பது செயின் நதிக்கரையில், பெரும்பகுதி தரைக்கு அடியில் கட்டப்பட்டது. ஆதரித்துப் பேச இவை நல்ல ஆயுதங்கள். எதிர்த்துப் பேச அதைவிட நல்ல ஆயுதம் கிடைத்தது. 2023 நவம்பரில் பாரிஸ் பகுதி சுகாதார அமைப்பு, பாரிஸ் நகர்ப்புறம் முழுக்க வீட்டில் வளர்க்கும் கோழியின் முட்டையைச் சாப்பிட வேண்டாம் என்று அறிவித்தது. எரிக்கும்போது உண்டாகக்கூடிய டயாக்சின் உள்ளிட்ட நச்சு முட்டையில் இருந்ததுதான் காரணம்.

கொடுங்கையூரிலும் வீட்டுக்கு வீடு கோழி மேய்கிறது. துறைமுகக்காரர் முட்டையைக் கையில் எடுத்துக்கொண்டார். "எரியுலைதான் முட்டையை விஷமாக்கியது" என்று பிரெஞ்சில் முழங்கினார். மருத்துவமனைக்காரர் உடனே குறுக்கிட்டார். அறிவிப்பை மறுபடி படியுங்கள் அண்ணா, எரியுலைதான் காரணம் என்று அதில் இல்லை. வேறு எரிப்புகளும் பழைய மாசும் இருக்கலாம் இல்லையா? அந்த அறையில் அவர் முதல்முறையாக ஒருவரை மறுத்துப் பேசிய நிமிடம் அது. அவருடைய சொந்தக் கருத்து நேர் எதிர். ஆனாலும் மொழிபெயர்ப்பாளரின் பழக்கம், சொன்னதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டக்கூடாது என்ற அந்தக் கறார்த்தனம், இங்கே அவருக்கே ஆயுதமானது.

இந்த இடத்தில் இலக்கணம் தானாக வந்து சேர்ந்தது. உறுதிப்படாத செய்தியைச் சொல்லப் பிரெஞ்சுப் பத்திரிகைகள் கண்டிஷனல் என்ற வினை வடிவத்தைப் பயன்படுத்துகின்றன. நாம் "எரியுலையால்தானாம்" என்று ஓர் 'ஆம்' போட்டு நம் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்வதைப்போல. இதைச் சொன்ன அடுத்த நிமிடமே துறைமுகக்காரர் தன் முழக்கத்தை அந்த வடிவத்தில் திருத்திச் சொன்னார். அட்டவணையாக எழுதிப் போட்டபோது அவருக்கு ஏறாத விஷயம் இது.

ஆனாலும் எதிர்த்தரப்பு சொல்வதை ஒப்புக்கொண்டு பிறகு மறுக்கும் வாக்கியங்கள் கடைசிவரை தொல்லை கொடுத்தன. தமிழில் "வெப்பம் கிடைத்தாலும்", "செலவு குறைந்தாலும்" என்று 'ஆலும்' ஒன்றே எல்லாவற்றையும் தாங்குகிறது. பிரெஞ்சில் இதற்கு 'மெம் சி' போட்டால் சாதாரண வினை, 'பியாங் க' போட்டால் சப்ஜங்டிவ் என்ற தனி வினை வடிவம். எல்லோரும் எல்லா இடத்திலும் 'மெம் சி'யிலேயே ஒதுங்கினார்கள். சப்ஜங்டிவ் வராமல் பி2-வில் மொழி மதிப்பெண் ஏறாது. ஆசிரியைக்குத்தான் இது தண்ணீர் பட்ட பாடு. அதனால் விவாதத்தின்போது ஒவ்வொரு 'மெம் சி'க்கும் அவர் குறுக்கிட்டு 'பியாங் க'வில் மாற்றித் தர வேண்டும் என்று ஒரு விதி வைத்தேன். வாயைத் திறக்காத பாப்பா, அண்ணனை நடுவில் நிறுத்த அனுமதி பெற்றார். திருத்துவதற்காகத் திறந்த வாய், சில வாரங்களில் மறுப்பதற்கும் திறந்தது.

கடிதம்

கொடுங்கையூர் விவாதத்துக்குப் பிறகு மேயருக்குப் பிரெஞ்சில் ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். மருத்துவமனைக்காரர் எழுதிய முதல் வரைவில் மூன்று பத்தி குடும்ப வரலாறு. அம்மா எப்போது இந்தப் பக்கம் குடிவந்தார், ஆஸ்துமா எப்போது வந்தது, கிடங்கில் தீப்பிடித்த இரவுகள். கோரிக்கை கடைசி வரியில், அதுவும் "தாங்கள் பார்த்துச் செய்ய வேண்டும்" என்ற தொனியில். பிரெஞ்சுத் தப்புகள் மிகக் குறைவு. ஆனால் டெல்ஃப் திருத்துபவர் வாதத்துக்கும் கோர்வைக்கும் மதிப்பெண் போடத் தேடினால் எதுவும் சிக்காது.

இதற்கு மருந்து என்னிடமிருந்து வரவில்லை. துறைமுகக்காரர் வரைவை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கதையெல்லாம் அப்புறம் சொல்லும்மா. மொதல்ல என்னா வேணும்னு சொல்லு. மேல இருக்கறவரு மொத நாலு வரிதான் படிப்பாரு." சங்கத்தில் கோரிக்கை மனு எழுதி எழுதிப் பழகிய கை. பொருள் என்று ஒரு வரி. யார் எழுதுகிறோம், யாருக்காக எழுதுகிறோம், என்ன கேட்கிறோம். அடுத்து காரணம் ஒன்று, காரணம் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆதாரம். பிறகு நிர்வாகம் சொல்லக்கூடிய பதிலை நாமே எடுத்துச் சொல்லி அதற்கு மறுப்பு. கடைசியில் எந்தத் தேதிக்குள் பேச்சுவார்த்தை வேண்டும். பிரெஞ்சு முறைக் கடிதம் இதேதான். மேலே 'ஒப்ஜே' என்று பொருள் வரிகூட அப்படியே இருக்கிறது. முடிவில் வரும் அந்த நீண்ட மரியாதை வாக்கியத்தை மட்டும் புதிதாக மனப்பாடம் செய்தால் போதும்.

இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் மதராஸ் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் உருவானது இதே பெரம்பூரில், பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான். மனு எழுதவும் வாதாடவும் இந்தப் பகுதிக்கு நூறு வருடப் பழக்கம் இருக்கிறது. பிரெஞ்சுப் பாடநூலில் வரும் மாதிரிக் கடிதத்தைவிட சங்க மனு இவர்களுக்கு நெருக்கம் என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்.

மருத்துவமனைக்காரரின் கடைசி வரைவில் அம்மாவின் ஆஸ்துமா ஒரே வாக்கியமாகச் சுருங்கி, இரண்டாவது காரணத்துக்கு ஆதாரமாக உட்கார்ந்திருந்தது. அந்த ஒரு வாக்கியம் பழைய மூன்று பத்தியைவிட வலுவாக இருந்தது.

காது, உச்சரிப்பு

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிரெஞ்சின் மூக்கொலி உயிர்கள் மூன்றும் நமக்குப் புதிதே இல்லை. பேச்சில் 'வந்தான்', 'வந்தேன்', 'மரம்' என்று சொல்லும்போது கடைசி மெய் கரைந்து மூக்கில் போகிறதே, அந்த மூன்றையும் தனித்தனியாகக் கவனிக்க வைத்தால் பிரெஞ்சின் மூன்றும் பெரும்பாலும் சரியாகிவிடும். 'ஈ' என்று நாக்கை வைத்துக்கொண்டு உதட்டை 'ஊ'வுக்குக் குவிப்பது பழக நாள் பிடிக்கும்.

கேட்டலில் பிரச்சினை, பேச்சுப் பிரெஞ்சு எழுத்தைத் தின்றுவிடுவது. 'எனக்குத் தெரியாது' என்று பொருள்படும் 'ஜ ந சே பா' வாயில் 'ஷே பா' ஆகிவிடுகிறது. எழுத்தும் பேச்சும் வேறாக இருப்பது தமிழர்களுக்குப் பழக்கமான விஷயம் என்பதால் இதைச் சொன்னால் யாரும் மிரள்வதில்லை. ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தி பத்து நிமிடம், தினமும், ரயிலிலோ பஸ்ஸிலோ. டெல்ஃபின் இப்போதைய வடிவத்தில் குட்டித் துணுக்குகளை ஒரே ஒருமுறைதான் போடுவார்கள். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், இந்த பேட்சில் அது போதுமான அளவு நடக்கவில்லை.

முடிவு என்ன ஆனது

மருத்துவமனைக்காரர் டெல்ஃப் பி2 பாஸ். நான்கில் அதிக மதிப்பெண் எழுதுதலில். வகுப்புக்கு வந்தபோது அவருடைய பலவீனமே அதுதான். பேசுதலில் நல்ல மதிப்பெண், பிரமாதம் என்று சொல்ல முடியாது. தேர்வாளர் மறுத்தபோது முதல் கேள்விக்குப் பழையபடி இரண்டு பக்கமும் நியாயம் என்று ஆரம்பித்து, பாதியில் திருத்திக்கொண்டதாகச் சொன்னார். குட்டித் துணுக்குகளில் சறுக்கினார்.

ஆசிரியையும் பாஸ். வாசித்தலும் எழுதுதலும் அவரைத் தூக்கிவிட்டன. பேசுதல் நடுத்தரம்தான். ஆனால் வகுப்பின் தொடக்கத்தில் அந்தப் பகுதியில் 5 மதிப்பெண் வருமா என்றே எனக்குக் கவலை இருந்தது.

துறைமுகக்காரர் டிசிஎஃப் கனடா எழுதினார். பேசுதலிலும் கேட்டலிலும் என்சிஎல்சி 7 வந்துவிட்டது, எழுதுதலில் வரவில்லை. நான்கிலும் வந்தால்தான் கணக்கு. அவருக்கு இதில் வருத்தம் உண்டு, எனக்கும் உண்டு. மனு எழுதும் முறையை வகுப்புக்கே சொல்லிக்கொடுத்தவர் அவர். ஆனால் பால், எண் இயைபும் வினை வடிவமும் எழுத்தில் ஒளிய இடம் தருவதில்லை. பேச்சில் வேகத்தோடு ஓடிப்போகும் தப்பு காகிதத்தில் நின்றுவிடுகிறது.

இந்த முடிவுகளை எந்த அளவுக்கு வகுப்பு முறையின் கணக்கில் எழுதலாம் என்று யோசிக்க வேண்டும். மூன்றே பேர். மருத்துவமனைக்காரர் தினமும் பிரெஞ்சு பேசும் வேலையில் இருந்தவர், வேறு வகுப்பில் சேர்ந்திருந்தாலும் பாஸ் ஆகியிருக்கலாம். ஆசிரியைக்குத் திருத்தும் அதிகாரம் கொடுத்தது அவருடைய வாயைத் திறந்ததா, சேர்ந்து பழகியதில் கூச்சம் போனதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் மருத்துவமனைக்காரரின் முதல் வரைவும் கடைசி வரைவும் என்னிடம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அந்த மாற்றம் மனு முறையால் வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அடுத்த பேட்சுக்குச் சில மாற்றங்கள் செய்திருக்கிறேன். சேரும் நாளிலேயே ஒவ்வொருவரிடமும், பிரெஞ்சை எங்கே, யாரோடு, எதற்காகப் பேசியிருக்கிறீர்கள் என்று உட்கார்ந்து கேட்பது. ஊர்த் தலைப்புகளில் முதல் சுற்று எப்போதும் எதிர்ப்பக்கம். ஒருமுறை மட்டும் கேட்கும் துணுக்குகள் வகுப்பின் முதல் கால் மணி நேரத்தில், வாரா வாரம். தேர்வாளர் வேடத்தில் நான் மட்டுமே உட்காருவதில்லை. மருத்துவமனைக்காரர் மாதம் ஒரு ஞாயிறு வந்து மறுத்துக் கேட்க ஒப்புக்கொண்டிருக்கிறார். துறைமுகக்காரர் எழுதுதலுக்காக மட்டும் மறுபடி சேர்ந்திருக்கிறார், அவருடைய காகிதங்களை முதலில் பார்த்துத் திருத்துவது ஆசிரியை.